அத்தானிடம் மறுபடி பேச வேண்டும். எப்படித் தொடங்குவது?

கடைசி பெஞ்ச் எழுதியது:

அக்கா வீட்டுக்காரரோடு பேச்சு நின்று 7 மாதம் ஆகிறது. சொத்துத் தகராறு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. தேர்தல்தான்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு 10 வயது. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அத்தான்தான். பின் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவதாகச் சொன்னார். எந்த இடத்தில் கையை எடுத்தார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார்.

அவர் கட்சி வேறு, என் கட்சி வேறு. எனக்கு ஓட்டு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். தொண்டை கட்டுகிற அளவுக்குச் சண்டை போட்டுவிட்டு அடுத்த பத்தாவது நிமிடம் ஒரே வண்டியில் ஏறிப் போவோம். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப் வந்தது. சண்டை அங்கே குடிபோனது, வண்டி இங்கேயே நின்றுவிட்டது.

வாக்கு எண்ணிக்கை அன்று இரவு அவர் ஒரு கேலிப் படம் போட்டார். அப்படி ஒன்றும் மோசமான படம் இல்லை, இப்போது பார்த்தால் கொஞ்சம் சிரிப்புகூட வருகிறது. அன்றைக்கு வரவில்லை. 11.40க்கு நான் எழுதியது: "உங்க மாதிரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் இந்த நாடு உருப்படாது." அனுப்பிவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. காலையில் எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக். அத்தான் பதில் போடவில்லை, குரூப்பை விட்டும் போகவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு இரவு அந்த குரூப்பில் மூன்று வருடம் பின்னால் போய்ப் படித்தேன். ஆரம்பத்தில் அவர், "நாம வரி கட்டுறோம், ரோடு இந்த லட்சணத்துல இருக்கு" என்று எழுதியிருக்கிறார். நான் "நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான் அத்தான்" என்று போட்டிருக்கிறேன். போகப்போக அந்த "நாம" குறைகிறது. "நாங்க சொன்னப்ப கேட்டீங்களா?" "அது உங்க ஆட்சியில போட்ட ரோடுதானே?" ரோடு அதே ரோடு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள ஒரு சொல், வெளியே நிறுத்த ஒரு சொல் என்று தமிழில் இரண்டு இருப்பதால் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். முதலில் மாறியது நான்தான். தேதி வரைக்கும் இருக்கிறது.

வீட்டில் இனி அரசியலே பேசக்கூடாது என்கிறாள் அக்கா. அதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவர் ஆதரிப்பது தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் அதையும் சேர்த்து விட்டுக்கொடுத்ததாக ஆகாதா? யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், என்னிடமே நிறைய இருக்கிறது.

---

சாவடிக்காரன் எழுதியது:

நான்கு தேர்தலில் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவன் நான். எந்தக் கட்சிக்கு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பாதிப் பேர் இந்த வரியோடு நிறுத்திவிடுவீர்கள்.

வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். நோட்டாவையும் சேர்த்து எல்லா பட்டனையும் அமுக்கி, குறைந்தது 50 ஓட்டாவது போட்டுப் பார்க்க வேண்டும். அதைப் போடுகிறவர்கள் ஏஜென்ட்டுகளான நாங்களேதான். நான் எதிர்க்கட்சி ஏஜென்ட்டின் சின்னத்தில் அமுக்கியிருக்கிறேன், அவர் என் சின்னத்தில் அமுக்கியிருக்கிறார். பிறகு, ஓட்டு எந்தச் சின்னத்துக்கு என்று சீட்டு அச்சடிக்கும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளைக் கொட்டி, இரண்டு பேரும் ஒரே மேசையில் குனிந்து எண்ணுவோம். கணக்கு ஒத்துப்போனால் மெஷினில் இருப்பதை அழித்து, சீட்டுகளை எடுத்துவிட்டு, சீல் வைப்பார்கள். சீலில் அவர் கையெழுத்து, பக்கத்திலேயே என் கையெழுத்து.

அவர் அங்கே உட்கார்ந்திருப்பதே என்னைச் சந்தேகப்படுவதற்குத்தான். நான் இருப்பது அவரைச் சந்தேகப்பட. இதில் யாருக்கும் ரோஷம் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு முறை எதிர்த்தரப்பு ஏஜென்ட் வரவே இல்லை. எனக்குக் கொண்டாட்டம் என்றுதான் நினைப்பீர்கள். வயிற்றைக் கலக்கியது. நாங்கள் ஜெயித்தால், ஆளில்லாத பூத்தில் குத்திக்கொண்டார்கள் என்று பேச்சு வரும். என் ஜெயிப்பு செல்லுபடியாக அவர் கையெழுத்து தேவை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முக்கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க ஓடி வந்தார், பஸ்ஸை விட்டுவிட்டாராம். என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப்போட்டேன்.

இன்னொரு தேர்தலில், வந்த பெரியவர் ஒருவரின் முகம் அடையாள அட்டைப் படத்தோடு பொருந்தவில்லை என்று நான் கையைத் தூக்கினேன். பக்கத்திலிருந்த எதிர்க்கட்சிக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்க தெருக்காரர்தான். பல்லு போயிடுச்சு, அதான் முகம் மாறியிருக்கு. உங்க ஓட்டுய்யா அது, விடுங்க" என்றார். சாயங்காலம், பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தில் ஆளுக்கொரு நகல் வாங்கிக்கொண்டு, அவரவர் கட்சி வண்டியில் அவரவர் ஏறிப் போனோம்.

தம்பி, உங்கள் அத்தானும் நீங்களும் ஒரே மேசையில் எண்ணவேண்டியவர்கள். கருத்துக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள், அந்த 11.40 வரிக்கு மட்டும் கேளுங்கள். அந்த வரியை அப்படியே வாயால் சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்பது கணக்கில் சேராது.

---

முக்காலி எழுதியது:

குரூப்பில் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள். நாற்பது பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள், அத்தான் இன்னும் கடுப்பாவார். போன் பண்ணுங்கள்.

---

நூலறுந்த பட்டம் எழுதியது:

யாராவது பெரியார், ராஜாஜி நட்பை எடுத்துவிடுவதற்குள் நானே எடுத்துவிடுகிறேன். எல்லோரும் சொல்வது கடைசிக் காட்சியை மட்டும்தான். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். கேட்கிறவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எனக்கு அதற்கு முந்தைய கணக்குதான் பிடிக்கும். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்ததற்காகப் பெரியாரைச் சிறையில் போட்டது ராஜாஜியின் அரசு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் "குலக்கல்வி" என்று சொல்லி ஊர் ஊராகப் போய்த் தாக்கினார் பெரியார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார், திட்டமும் போனது. இந்த இரண்டு சண்டைக்கும் நடுவில், 1949இல், தன் சொந்த வாழ்க்கை பற்றி யோசனை கேட்கப் பெரியார் போனது திருவண்ணாமலைக்கு வந்திருந்த ராஜாஜியிடம்.

நட்புக்காக இரண்டு பேரும் ஒரு சண்டையைக்கூடப் பாதியில் நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டால் கொள்கை போய்விடுமோ என்ற உங்கள் பயத்துக்கு இதுதான் என் பதில்.

---

வெயில்மழை எழுதியது:

அவர்கள் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்று மோதியவர்கள். நம் வீடுகளில் அப்படியா இருக்கிறது?

எல்லா வேறுபாடும் ரோடு பற்றியது இல்லை. நான் யாரைக் கட்டிக்கொள்ளலாம், வேலைக்குப் போகலாமா என்று என் சித்தப்பா "கருத்து" சொல்வார். அவருக்கு அது அரசியல் அரட்டை, எனக்கு நாளைய பொழுது. பகை வேண்டாம் என்று இதமாகச் சொல்ல வருகிறவர்கள் எப்போதும் என்னிடம்தான் வருவார்கள். அவரிடம் யாரும் போனதில்லை. சாவடிக்காரன் அண்ணா, உங்கள் மேசையில் இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

அதற்காக அவரை நான் எதிரியாக்கிக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைத்தேன். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை கதவைச் சாத்தினேன், கொஞ்சம் பலமாகவே. நான்காவது முறை அவரே பாதியில் நிறுத்திவிட்டு என் அலுவலகத்தைப் பற்றிக் கேட்டார். மனம் மாறிவிட்டாரா என்றால் இல்லை. என் கல்யாணம் அவரைக் கேட்காமல்தான் நடக்கும், அன்றைக்கு அவருக்கு முதல் வரிசையில் இடமும் இருக்கும்.

கடைசி பெஞ்ச், உங்கள் அத்தான் சொல்வது எந்த வகை? யார் ஆள வேண்டும் என்பதா, யார் இருக்கவே கூடாது என்பதா? அதைச் சொல்லாமல் யோசனை கேட்டால் எப்படி?

---

அரைகுறை எழுதியது:

தத்துவம் வேண்டாம் என்றீர்கள், ஒரு பரிசோதனை சொல்லலாமா? ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்டது. பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களிடம் இரண்டு ஓவியர்களின் ஓவியங்களைக் காட்டி, உனக்கு க்ளேயின் ஓவியம் பிடித்திருக்கிறது, உனக்கு கண்டின்ஸ்கி என்று இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது குலுக்கல் மாதிரிதான். தன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார்கள். தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் குழுவைவிட இதற்குக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றே பலரும் பங்கிட்டார்கள்.

டாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். வெளியே வந்து பார்த்தபோது குடும்பத்தில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள். பகை எங்கே தொடங்குகிறது என்று அப்படிப்பட்ட மனிதர் தேடிப் போனார். அர்த்தமே இல்லாத அளவுக்குச் சின்னப் பிரிவினை ஒன்றை உண்டாக்கி, பாரபட்சம் இல்லாத அந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கலாம் என்பது திட்டம். அந்த இடத்திலேயே பாரபட்சம் வந்து உட்கார்ந்திருந்தது.

நீங்கள் சொன்ன "நாங்க"வுக்கு ரோடுகூடத் தேவையில்லை, ஓவியமே போதும். வெயில்மழை சொல்வது வேறு, அங்கே பங்கு கேட்பவருக்கு நிஜமாகவே வலிக்கிறது. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்ப்பதுதான் நம் வழக்கமான தப்பு.

---

கடைசி பெஞ்ச் எழுதியது:

நேற்று போன் பண்ணினேன். முக்காலி சொன்னது நல்லதாகப் போயிற்று, குரூப்பில் எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டேன்.

இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாவது முறை எடுத்தார். நான் நேராக அந்த வரியைச் சொன்னேன். வாயால் சொல்லும்போது இன்னும் அசிங்கமாக இருந்தது. அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு, "பதினொன்னு நாப்பதுக்கு அனுப்புன" என்றார். நேரம் அவருக்கும் மனப்பாடம். "உங்க மாதிரி ஆளுங்கன்னு எழுதுனியே, என்கூட மொத்தம் எத்தனை பேரைடா சேர்த்த? நான் ஒரே ஆளுடா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் அவரே ஆரம்பித்தார். 40 நிமிடம் சண்டை. அந்த ரோடு, யார் காலத்தில் டெண்டர், எல்லாம். அவர் சொன்னதில் ஒன்று சரியாக இருந்தது, ஒத்துக்கொண்டேன். மற்ற மூன்றும் அபத்தம், அதையும் சொன்னேன்.

வெயில்மழை, நீங்கள் கேட்டதற்கு. பெரும்பாலும் யார் ஆள வேண்டும் என்பதுதான். ஆனால் போன வருடம் ஒரு குறிப்பிட்ட மக்களைப் பற்றி ஒரு ஃபார்வர்ட் அனுப்பியிருந்தார். நீங்கள் சொன்ன இரண்டாவது வகை. அதையும் எடுத்தேன். அதற்கு அவர் எதுவும் சொல்லவில்லை, அக்கா கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அக்கா கூப்பிடவில்லை, நான் விசாரித்துவிட்டேன். அதை நான் விடுவதாக இல்லை, நேரில் கேட்பேன்.

காலையில் ஒரு மெசேஜ், குரூப்பில் இல்லை, தனியாக. "ஞாயித்துக்கிழமை வா. டெண்டர் பேப்பர் எடுத்து வெச்சிருக்கேன்."