சுத்தியல் சத்தம் மாறிய இடம்: படகு சர்வே அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர்

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பலர், சர்வேக்கு (நிபுணர் ஒருவர் படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தருவதற்கு) கொடுக்கும் பணம் வீண்தானே என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

என் முதல் படகைச் சர்வே இல்லாமல்தான் வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது, எஞ்சின் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. மறுவருடமே மேல்தளத்தில் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பால்சா மரம் என்று கட்டிய தளம் அது. கைப்பிடிக் கம்பிகளின் போல்ட் ஓட்டை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி, உள்ளே மரம் கூழாகிப் போயிருந்தது. தளத்தை அறுத்து எடுத்தபோது அந்த வாடையைத் தாங்க முடியவில்லை.

அதனால் அடுத்து ஒரு பாய்மரப் படகைப் பார்த்தபோது முதலில் சர்வேயரைத்தான் கூப்பிட்டேன். படகைக் கரையேற்றிய நாள் முழுக்க அவர் கூடவே நின்றேன்.

கையில் சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோடு படகைச் சுற்றிவந்தார். டக், டக், டக் என்று ஒரே சீரான சத்தம். திடீரென்று ஓரிடத்தில் "தொப்" என்றது. நான் கவனிக்கவே இல்லை. அவர் நின்று, திரும்பத் தட்டி, சாக்பீஸால் வட்டம் போட்டார். "இப்போது நீங்கள் தட்டிப் பாருங்கள்" என்று சுத்தியலை என்னிடம் கொடுத்தார். தட்டினேன். வித்தியாசம் கேட்டது. உள்ளே அடுக்குகள் ஒட்டாமல் பிரிந்திருந்தால் சத்தம் இப்படித்தான் செத்துப்போகுமாம்.

ஈரப்பத மீட்டரை அதற்கு அப்புறம்தான் எடுத்தார். தண்ணீரிலிருந்து இப்போதுதான் ஏறிய படகில் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது, அடிப்பாகப் பெயின்ட்டில் இருக்கும் செம்பும் மீட்டரை ஏமாற்றும் என்றார். அங்கங்கே பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் அளந்தார். நீர்மட்டத்துக்குக் கீழே சில கொப்புளங்கள் இருந்தன. ஒன்றைக் குத்தியதும் திரவம் பீய்ச்சியது, வினிகர் போலப் புளித்த வாடை. ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு வழியாக மெல்ல ஊறும் தண்ணீர், ஃபைபரைப் பிணைக்கும் ரெசினில் கரையக்கூடியதைக் கரைத்துக்கொண்டு அமிலமாகிறது. அது இன்னும் தண்ணீரை உள்ளே இழுப்பதால் அழுத்தம் கூடிக் கொப்புளம் எழும்புகிறது. "இந்த அளவு கொப்புளத்தால் படகு மூழ்காது, விலை பேசும்போது சொல்லுங்கள்" என்று அதை அதோடு விட்டுவிட்டார்.

அவர் முகம் மாறியது கீல் பக்கம், அதாவது பாய்மரப் படகு கவிழாமலிருக்க அடியில் பொருத்தியிருக்கும் கனமான துடுப்பு போன்ற பாகத்தின் பக்கம் வந்தபோதுதான். கீலின் முன் விளிம்பில் ஒரு நசுங்கல். கீல் படகோடு சேரும் இடத்தில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல், அதிலிருந்து துரு நீர் வடிந்த தடம். உள்ளே போய்த் தரைப்பலகைகளைத் தூக்கி, அடியில் வலுவுக்காக ஒட்டப்பட்டிருந்த கட்டங்களைத் தட்டினார். கீலின் பின்முனைக்கு நேர் மேலே அதே "தொப்". படகு தரைதட்டும்போது கீலின் முன்பக்கம் இடித்தால் பின்முனை உள்நோக்கி நெம்பும், சேதம் அங்கேதான் இருக்கும் என்று விளக்கினார்.

அப்புறம் சீக்கி ரஃபிக்கி படகைப் பற்றிச் சொன்னார். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து, நான்கு பேரின் உயிரைப் பறித்த படகு. முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் கீல் பொருத்திய இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று 2015இல் வந்த பிரிட்டிஷ் விபத்து விசாரணை அறிக்கை சொன்னது.

விற்பவரிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒருமுறை பாறையில் இடித்தது" என்றார். கீலைக் கழற்றி, கட்டங்களை மறுபடி ஒட்டாமல் அந்தப் படகைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது. நான் வாங்கவில்லை. மனதுக்கு மிகவும் பிடித்த படகு அது, இன்றும் நினைவு வரும். ஆனால் அதில் என் பிள்ளைகளை ஏற்றியிருப்பேன் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மறுமொழி 1

எனக்கு இன்சூரன்ஸுக்காக எடுத்த சர்வே. படகு என்னுடையதுதான், எல்லாம் தெரியும் என்றிருந்தேன். கழிப்பறைக் குழாய்க்காகப் படகின் அடிப்பாகத்தைத் துளைத்துப் பொருத்தியிருந்த வால்வைச் சர்வேயர் சுத்தியலால் லேசாகத் தட்டினார், கையோடு வந்துவிட்டது. உடைந்த முகம் இளஞ்சிவப்பாக இருந்தது. கடல்நீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்விட்டால், மிஞ்சும் செம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்றார். கரையில் உடைந்ததால் பிழைத்தேன். மற்ற வால்வுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் வெண்கலத்துக்கு மாற்றிவிட்டேன்.

மறுமொழி 2

என் அனுபவம் கசப்பானது. சர்வே எடுத்துத்தான் வாங்கினேன். நான்கு மாதத்தில் டீசல் டேங்க் ஒழுகியது. படுக்கைக்குக் கீழே நிரந்தரமாகப் பூட்டிய பலகைக்குள் இருந்த டேங்க், அடிப்பக்கம் முழுக்கத் துரு. கோபத்தோடு அறிக்கையை எடுத்துப் பார்த்தால், "டேங்கின் அடிப்பகுதியை அணுக முடியவில்லை, சோதிக்கவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. வாங்குவதற்கு முன் படகு இன்னொருவருடையது, எதையும் உடைத்தோ அறுத்தோ பார்க்க சர்வேயருக்கு உரிமை இல்லை. அது புரிகிறது. இருந்தாலும் இவ்வளவு முக்கியமான விஷயத்தை வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் போகவில்லை.

எஞ்சினிலும் இதே கதைதான். இயக்கி, சத்தமும் புகையும் பார்ப்பார்கள், பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அதற்குத் தனியாக மெக்கானிக் வேண்டும். எஞ்சின் ஆயிலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரும்பு அதிகமிருந்தால் உள்ளே தேய்மானம், சோடியம் இருந்தால் கடல்நீர் கலந்திருக்கலாம். நான் அதையும் செய்யவில்லை.

மறுமொழி 3

நான் விற்பவர் பக்கம். மதிப்பீட்டு சர்வேயில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைத்துப் போட்டார்கள். முந்தின வருடம்தான் ரேடார், ஆட்டோபைலட் எல்லாம் புதிதாக மாட்டியிருந்தேன். அந்தச் செலவில் கொஞ்சம்தான் படகின் மதிப்பில் ஏறியது. விளம்பரத்தில் கேட்கும் விலையைச் சர்வேயர் எடுத்துக்கொள்ளவில்லை, அதே வகைப் படகுகள் உண்மையில் விற்ற விலையைத்தான் எடுத்தார். அறிக்கையில் சந்தை மதிப்பு ஒன்று, அதே போன்ற படகைப் புதிதாக வாங்க ஆகும் தொகை ஒன்று என்று இரண்டு எண்கள் இருந்தன. பெரிய எண்ணைப் பார்த்து யாரும் விலை பேச வேண்டாம்.

இன்னொன்று. படகின் பின்சுவரில் வலப்பக்கம் பொறித்திருக்கும் அடையாள எண்ணைப் பாருங்கள். அதன் கடைசி எழுத்துகளிலும் எண்களிலும் கட்டிய மாதமும் வருடமும், மாடல் வருடமும் இருக்கும். என் படகு நான் நினைத்திருந்ததைவிட ஒரு வருடம் பழையது. எனக்கு விற்றவர் சொன்னதை நான் சரிபார்க்கவே இல்லை.

மறுமொழி 4

சர்வேயரைத் தரகரிடம் கேட்காதீர்கள். நான் கேட்டேன். மூன்று பக்கத்தில் "நல்ல நிலை" என்று அறிக்கை வந்தது. படகைக் கரையேற்றவே இல்லை.

திரியைத் தொடங்கியவர்

அந்தப் படகை விட்ட பிறகு என்ன வாங்கினீர்கள் என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். ஒரு வருடம் கழித்து வேறொன்று கிடைத்தது, சர்வேயர் அவரேதான். கரையில் பார்த்தது போக, கடல் ஓட்டமும் வைத்தோம். முழு வேகத்தில் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சியை எட்டவில்லை, கரும்புகை வந்தது. எனக்குப் பகீரென்றது. அடிப்பாகத்தில் சிப்பி அப்பியிருப்பதால் எஞ்சின் திணறுகிறதா பார்க்கலாம் என்றார். கரையேற்றிச் சுரண்டி, ப்ரொப்பெல்லரையும் சுத்தம் செய்து மறுபடி ஓட்டினோம். சுழற்சி சரியாக வந்தது, புகையும் நின்றது.

அறிக்கையில் தண்ணீரில் இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று மூன்று இருந்தன. கேஸ் குழாய், இரண்டு வால்வு, சுக்கான் பேரிங். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். அதனால் அதை அன்றைக்கே மாற்றினேன். மேல்தளத்தில் ஒரு கம்பியடியில் ஈரம் கூடுதலாக இருக்கிறது, ஆறு மாதத்தில் திறந்து பாருங்கள் என்றும் எழுதியிருந்தார். அடுத்த மாதம் திறக்கப் போகிறேன், படம் போடுகிறேன்.