மறுமொழி: ஐடெம்பொடென்ட் – ‘ஒருவிளைவு’ எனலாமா?

> கணிதத்தில் ‘தன்னடுக்கு’ இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

ஐயா, வணக்கம். ஒரு செயலை எத்தனை தடவை செய்தாலும் ஒரு தடவை செய்த விளைவே இருந்தால் அது ஐடெம்பொடென்ட். 1870இல் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் இயற்கணிதத்துக்காக ஆக்கிய சொல் அது, அங்கே ‘தன்னடுக்கு’ நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றையொன்று அழைக்கும் வழி) எழுதுகிறவர்களுக்கு அடுக்கு என்றதும் தரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டேக்தான் நினைவுக்கு வரும்.

இந்த இழையில் தம்பி ஒருவர் சொன்ன ‘மாறாவிடை’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், விடை மாறலாம். ஓர் ஆர்டரை டெலிட் செய்தால் முதலில் 204 (முடிந்தது) வரும், அதையே மறுபடி அனுப்பினால் 404 (அப்படி ஒன்று இல்லை) வரலாம், அப்படியும் டெலிட் ஐடெம்பொடென்ட்தான். இணைய அழைப்புகளுக்கான ஹெச்டிடிபி நெறிமுறையை விளக்கி 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110 ஆவணம் பார்ப்பது சர்வரில் நிகழும் விளைவை.

எங்கள் கழனிக் கிணற்றில் மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனைப் பத்துத் தடவை அழுத்தினாலும் ஓடுவது ஒரே ஓட்டம்தான். காலிங் பெல் அப்படியில்லை, அழுத்த அழுத்த அடிக்கும். ஹெச்டிடிபி அழைப்புகளில் முன்னது புட் (இதை இப்படி வை), பின்னது போஸ்ட் (புதிதாக ஒன்றைச் சேர்). அதனால்தான் ‘ஒருவிளைவு’ என்கிறேன்.

இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் கடை ஒன்றுக்கு ஆர்டர் பக்கம் எழுதிக் கொடுத்தேன். காட்பாடி தாண்டி ரயிலில் போன ஒருவர் அரைக் கிலோ கேட்டு அழுத்தியிருக்கிறார், சிக்னல் போய்விட்டது, மறுபடி அழுத்தினார், இரண்டு ஆர்டர், இரண்டு தடவை பணம். சரி, ஒவ்வோர் ஆர்டரோடும் ஒரு ‘ஒருவிளைவுச் சாவி’ (அந்த ஆர்டருக்கான தனி அடையாளம்) அனுப்பலாம் என்று சேர்த்தேன், ஆனால் சாவியை பட்டன் அழுத்தும்போது உருவாக்கியதால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் புதுச் சாவி வந்தது, பயனே இல்லை. பக்கம் திறக்கும்போதே உருவாக்க வேண்டும். அப்புறம் சர்வரில் ‘இந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறதா’ என்று தேடிவிட்டுப் பதியும்படி எழுதியிருந்தேன். இரண்டு அழைப்புகள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்று கண்டு, இரண்டுமே பதிந்துவிடும். சாவிக்கு டேட்டாபேஸிலேயே யுனிக் கட்டுப்பாடு (ஒரே சாவி இரண்டு தடவை பதியாது) போட்டு, ஆர்டரையும் சாவியையும் ஒரே டிரான்சாக்ஷனில் (இரண்டும் சேர்ந்தே பதியும், இல்லையேல் இரண்டுமே பதியாது) எழுதிய பிறகுதான் நின்றது. இரண்டாவதாக வரும் அழைப்புக்கு, முன்பு சேமித்த பதிலையே திருப்பி அனுப்புகிறோம்.

இதை வேலூரில் இரண்டு மாணவர்களுக்கு விளக்கியபோது, ‘அண்ணா, பேட்ச் ஒருவிளைவா?’ என்று அவர்களே கேட்டார்கள். (பேட்ச் என்பது ஒரு பகுதியை மட்டும் மாற்றும் அழைப்பு. ஒருவிளைவு என்று உறுதியில்லை, எழுதும் விதத்தைப் பொறுத்தது.) சொல் வாயில் ஒட்டிக்கொண்டது என்று அப்போதே தோன்றியது.

அடுத்துத் தமிழாக்க வேண்டியது ‘சேஃப்’, அதாவது சர்வரில் எதையும் மாற்றக் கேட்காத அழைப்பு. பாதுகாப்பான என்றால் பூட்டு, கடவுச்சொல் பக்கம் மனம் போய்விடுகிறது. கெட் (தகவலைப் பெறும் அழைப்பு) எதையும் மாற்றக் கேட்பதில்லை, ஆகவே ‘மாற்றா அழைப்பு’ போதுமா, ஐயா?