மாமான்ர கடைத் துவக்கை எடுக்கலாமோ? அவசரம்

கொக்குவிலான்:
வந்து மூண்டு மாசம். மாமான்ர பெற்றோல் செட்டில இரவு நிக்கிறன். போன கிழமை பக்கத்துக் கடையை அடிச்சிட்டாங்கள். காசு லாச்சிக்குக் கீழ இருக்கிற பிஸ்டலைக் காட்டி "தேவையெண்டா எடு" எண்டார் மாமா. லைசன்ஸ் எங்க எடுக்கிறது? இண்டைக்கும் பத்து மணிக்கு வேலை.

ஸ்காபரோ அக்கா:
தம்பி, தொடாதையும். கடையைக் காக்கவெண்டு கேட்டா லைசன்ஸ் தரமாட்டாங்கள். 2022 ஒக்டோபர் 21 தொடக்கம் சாதாரண ஆக்கள் கைத்துவக்கு வாங்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. மனிசருக்கு அடிக்கிற பெப்பர் ஸ்பிறேயும் தடை.

ஹூஸ்டன் மச்சான்:
அது கனடாச் சட்டம் அக்கா. இங்க அமெரிக்காவில, டெக்சஸில சொந்தக் கடைக்குள்ள வைச்சிருக்க லைசன்ஸே வேண்டாம். 2021 செப்டெம்பர் 1க்குப் பிறகு 21 வயசு வந்தவை வெளியிலயும் கொண்டு திரியலாம். பயப்பிடாமல் எடும்.

எடிசன்:
பெடியன் எந்த மாநிலமெண்டே சொல்லேல்லை, நீர் "எடும்" எண்டுறீர். நியூ ஜேர்சியில ஒவ்வொரு கைத்துவக்குக்கும் தனித்தனி பேர்மிட் எடுக்கோணும்.

ஹூஸ்டன் மச்சான்:
அங்க மூச்சு விடவும் பேர்மிட் கேப்பாங்கள்.

ஸ்காபரோ அக்கா:
சட்டத்தை விடுங்கோ. இரவுக்கு நிக்கிறது எப்பவும் புதுசா வந்த பிள்ளைதான். சம்பளத்தைக் கேட்டா "சாப்பாடும் படுக்கையும் தாறம்தானே" எண்டு ஒரு கதை.

சுழிபுரத்தார்:
தம்பி, உம்மட விசா என்ன? முதல் அதைச் சொல்லும். ஸ்டூடன்ற், விசிற், எச்1பி வேலை விசா மாதிரியெண்டா, வேட்டை லைசன்ஸ் போல சில விதிவிலக்கைத் தவிர, அமெரிக்க மத்திய சட்டப்படி துவக்கு மட்டுமில்லை, ஒரு தோட்டா வைச்சிருந்தாலும் குற்றம். 15 வருசம் வரை மறியல். மச்சான் சொன்ன டெக்சஸ் சட்டம் இதுக்கு உதவாது. "மாமான்ர துவக்கு" எண்டதும் சாட்டில்லை. நினைச்ச நேரம் எடுக்கலாமெண்டா, உம்மட்டை இருந்ததாக் கணக்கெடுக்கலாம்.

கிறீன் காட் எண்டா வேற கதை. துவக்கு வாங்கக் கடையில 4473 எண்ட அரசாங்கப் படிவம் நிரப்போணும்; ஏலியன் நம்பரும் (குடிவரவுக்காரர் தாற நம்பர்), இப்ப இருக்கிற முகவரி போட்ட அடையாள அட்டையும் வேணும். கைத்துவக்குக்கு வயசு 21. மாமா காசு தந்து தனக்கு வாங்கச் சொன்னா, வாங்கிறது நான்தான் எண்டு அதில கையெழுத்து வைக்கிறது பொய். துவக்குக் குற்றத்துக்கு கிறீன் காட்காரரையும் நாடு கடத்துவாங்கள்.

இண்டைக்கு இரவு: பிஸ்டலை மாமா கொண்டு போகட்டும், இல்லாட்டி நம்பர்ப் பூட்டுப் பெட்டகத்தில வைக்கட்டும். லாச்சியில அம்பது டொலருக்கு மேல வைக்காதையும். பெரிய நோட்டெல்லாம் வந்த உடன காசு போட மட்டும் வெட்டு வைச்ச பெட்டகத்துக்குள்ள. கண்ணாடியில ஒட்டின பியர் விளம்பரத்தைக் கிழியும், ரோட்டில இருந்து கவுண்டர் தெரியோணும். ஆள் வந்தா காசைக் குடும். கையை அசைக்க முதல் "லாச்சியைத் திறக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுத் திறவும்; சொல்லாமல் கீழ குனிஞ்சா துவக்கெடுக்கிறாய் எண்டு நினைச்சுச் சுடுவான். போனாப் பிறகு கதவைப் பூட்டி 911 அடியும், அவன் தொட்ட கவுண்டரைத் துடையாதையும்.

கொக்குவிலான்:
எஃப்1, ஸ்டூடன்ற் விசா. பெட்டகம் இருக்கு, ஆனா நம்பர் எனக்கும் தெரியும்.

சுழிபுரத்தார்:
பத்து மணிக்கு முதல் நம்பரை மாத்தச் சொல்லும். எஃப்1 எண்டா அந்த வேலையே வேற சிக்கல், விடிய லோயரைப் பிடியும்.