பாதியில நின்ன கேசட்: பழைய ரேடியோ ஒலிப்பதிவு கேட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க

காவிரிக்கரை:
ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். எங்கப்பா 80கள்ல டூ இன் ஒன்ல ரேடியோவுல வர்றதை எல்லாம் பிடிச்சு வைப்பாரு, கச்சேரி, நாடகம், பேட்டி எதுவானாலும் சரி. அவர் போனதுக்கப்புறம் பரண்லேர்ந்து 40 கேசட்டுக்கு மேல இறக்குனோம். அதுல ஒண்ணு ஒரு நட்டுவனாரோட, அதாவது நாட்டியம் சொல்லிக்கொடுத்து ஆட்டுவிக்கற ஆசானோட பேட்டி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்னு பேச்சுலயே தெரியுது, பேரை ஆரம்பத்துலயே சொல்லியிருப்பாங்க, அப்பா பட்டனை அழுத்துறதுக்குள்ள அது போயிடுச்சு. பேட்டி எடுக்கற அம்மா கேக்கறாங்க, "ரேடியோவுல நாட்டியத்தை எப்படிங்கய்யா காட்டுறது?" அவர் பதிலே சொல்லல. தாளம் தட்டுற தட்டுக்கழியை எடுத்து தட்டுமனைங்கற கட்டையில ரெண்டு தட்டு தட்டிட்டு ஜதி, அதாவது ஆட்டத்துக்கான சொற்கட்டு, சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. வயசான குரல்தான், ஆனா ஒரு எழுத்து கூட வழுக்கல. நடுவுல சட்டுனு நிப்பாட்டுனாரு. 3 செகண்ட் இருக்கும், சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "இந்த எடத்துல அவ திரும்பிப் பாக்கணும். எதுக்குப் பாக்கறான்னா"ன்னாரு, டக்குனு கேசட் முடிஞ்சு போச்சு. சி 90, ஒரு பக்கம் 45 நிமிஷம், அவ்ளோதான். திருப்பிப் போட்டா வேற என்னிக்கோ பிடிச்ச சினிமாப் பாட்டு ஓடுது.

எதுக்குப் பாத்தா? ஏழு வருஷமா இது மண்டைக்குள்ள ஓடுது. ஒரு நிலையத்துக்கு லெட்டர் போட்டேன், அப்படி ஒரு டேப்பே இப்ப இல்லன்னு பதில் வந்துச்சு.

அஞ்சு கட்டை:
டேப் இல்லாம போறதுல அதிசயம் ஒண்ணும் இல்லங்க. அந்தக் காலத்துல டேப் விலை அதிகம், ஒலிபரப்பு முடிஞ்சா அதையே அழிச்சு அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்துப்பாங்க. அதுக்கும் முன்னாடி எல்லாமே நேரடி, பாடுறவங்க ஸ்டுடியோவுக்கு வந்து மைக் முன்னாடி உக்காந்து பாடுனாங்கன்னா அந்த நேரத்துல கேட்டவன் கேட்டான். சென்னை நிலையம் 1938ல, திருச்சி 1939ல ஆரம்பிச்சது, அந்த முதல் வருஷங்கள்ல பாடுனதுல எவ்ளோ நமக்குக் கிடைச்சிருக்கு சொல்லுங்க.

என்னோடது பாட்டி சம்பந்தப்பட்டது. பாட்டி ரேடியோ ஆர்ட்டிஸ்ட், பெரிய கிரேடு எல்லாம் இல்ல, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஒப்பந்தக் காகிதம் வரும், தம்புராவை உறையில போட்டுக்கிட்டு பஸ்ல திருச்சிக்குப் போவாங்க. வீட்டுல ஒரு பதிவும் கிடையாது. போன வருஷம் பழைய டேப் சேக்கற ஒருத்தர்கிட்ட அரை மணி நேரக் கச்சேரி ஒண்ணு கிடைச்சு ஓடிப் போயி காப்பி வாங்கிட்டு வந்தேன். பாட்டிக்கு 88 வயசு. ஹெட்போன் மாட்டிவிட்டேன். ஒரு நிமிஷம் கேட்டுட்டு கழட்டி மடியில வச்சுட்டாங்க. "யாரோ நன்னா பாடறா. நான் இல்லே"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ராத்திரி உக்காந்து பாத்தா சுருதி 5½ கட்டையில நிக்குது, சுருதி எவ்ளோ உயரம்னு கட்டைக் கணக்குலதான் சொல்லுவோம். பாட்டிக்கு 5 கட்டை, அதைத் தாண்டி அவங்க பாடுனதே இல்ல. டேப்பை வேகமா ஓட விட்டு காப்பி எடுத்திருக்காங்க. அரைக் கட்டை ஏறுனா கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகம் கூடுதுன்னு அர்த்தம். அப்புறம் ஒண்ணு கண்டுபிடிச்சேன், பதிவுக்கு அடியில கரண்ட் இரைச்சல் ஒண்ணு இருக்கும்ல, அது நம்மூர்ல 50 ஹெர்ட்ஸ் இருக்கணும், இதுல 53 காட்டுது. அதை 50க்கு இறக்குனேன், சுருதி தானா 5 கட்டையில வந்து உக்காந்துடுச்சு. மறுநாள் சொல்லாம கொள்ளாம போட்டேன். பாட்டி வாயே திறக்கல. வலது கை மட்டும் தொடையில தாளம் போட ஆரம்பிச்சுது.

குறுவை:
நீங்க எல்லாரும் கச்சேரி நாட்டியம்னு பேசறீங்க, ரேடியோன்னா பேச்சும்தானே. எங்க தாத்தா விவசாயி, மன்னார்குடி பக்கம். ஆடுதுறை 27ங்கற நெல் ரகத்தை எங்க ஊர்ல யாரும் அந்தப் பேர்ல சொல்ல மாட்டாங்க, ரேடியோ நெல்லுன்னுதான் சொல்லுவாங்க. 60கள்ல திருச்சி ரேடியோவுல அதைப் பத்தி விடாம சொல்லிச் சொல்லித்தான் டெல்டா முழுக்கப் பரவுச்சு. நாத்து எப்ப விடணும் உரம் எவ்ளோ போடணும்னு சாயங்காலம் பண்ணை நிகழ்ச்சியில சொல்லுவாங்க, டீக்கடை வாசல்ல கும்பலா நின்னு கேப்பாங்களாம்.

ஒரு தடவை ரேடியோக்காரங்க வண்டி எடுத்துக்கிட்டு ஊருக்கே வந்து தாத்தாகிட்ட களத்துல வச்சு பேச்சு வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஒலிபரப்புன அன்னிக்கு ஊரே எங்க திண்ணையில. தாத்தா குரல் வந்ததும் பக்கத்துல இருந்த பாட்டி சட்டுனு முந்தானையை இழுத்துத் தலைல போட்டுக்கிச்சாம், மாமனார் முன்னாடி நிக்கற மாதிரி. அப்பா இதைச் சொல்றப்ப எல்லாம் அந்த எடத்துல நிறுத்திடுவாரு. எங்கிட்ட கேசட்டும் இல்ல டேப்பும் இல்ல. தாத்தா என்ன பேசுனாருன்னு கூட யாருக்கும் முழுசா ஞாபகம் இல்ல, "மா ஒண்ணுக்கு" அப்படின்னு நில அளவு சொல்லி ஆரம்பிச்சாருன்னு மட்டும் அப்பா சொல்லுவாரு.

ஸ்பூல் சேகரிப்பு:
அஞ்சு கட்டை செஞ்சது சரி, ஆனா அந்த 53 ஹெர்ட்ஸ் பதிவை அழிச்சுடலைல? வேகத்தை மாத்துனது தனி ஃபைலா இருக்கணும், கைல கிடைச்சது கிடைச்சபடியே ஒண்ணு இருந்தே ஆகணும். நாளைக்கு அந்த இரைச்சலையே வச்சு வேற யாராவது வேற ஏதாவது கண்டுபிடிப்பான்.

நான் திருவையாறு தியாகராஜ ஆராதனை நேரடி ஒலிபரப்பு வருஷா வருஷம் பிடிச்சவன், ஒரு வருஷம் பஞ்சரத்தினக் கீர்த்தனைல ஆரபி ராகம் முடிஞ்சு வராளி எடுக்கறப்ப கேசட் திருப்பப் போயி முதல் வரி போச்சு, இன்னிக்கும் அந்த எடம் வந்தா வயித்தைப் பிசையும், அவ்ளோதான் என் கதை.

இதைப் படிக்கறவங்க தயவு செஞ்சு கேளுங்க. பரண்லேர்ந்து எடுத்த கேசட்டை நேரா மெஷின்ல போட்டு ப்ளே அமுக்காதீங்க. முதல்ல ஜன்னல் வெளிச்சத்துல டேப் சுருளைப் பாருங்க, வெள்ளையா பொடி மாதிரி இருந்தா பூஞ்சை, அது டேப்பைப் படிக்கற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நடுவுல பித்தளைத் தகட்டு மேல குட்டியா ஒரு பஞ்சு இருக்கும், பசை காஞ்சு விழுந்திருந்தா சத்தம் கம்மிப் போயி ஏறி இறங்கும், அதைப் பாத்துட்டு ரெக்கார்டிங்கே போச்சுன்னு தூக்கிப் போடறாங்க, வேற கேசட்லேர்ந்து பஞ்சை எடுத்து ஒட்டுனா போதும். ஸ்க்ரூ போட்ட கூடா இருந்தா கழட்டலாம், ஒட்டுன கூடுன்னா பொறுமையா பிளந்து டேப்பை வேற கூட்டுக்கு மாத்தணும். ஹெட்டை ஸ்பிரிட் வச்சுத் துடைங்க. ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதைத் துளித் துளியா திருப்பி எங்க சத்தம் பளிச்சுன்னு வருதோ அங்க நிறுத்துங்க, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒவ்வொரு எடத்துல நிக்கும் ஏன்னா பிடிச்ச மெஷின் வேற வேற. சி 120 இருந்தா ஃபாஸ்ட் ஃபார்வர்ட் வேண்டவே வேண்டாம், டேப் மெலிசு, இழுபட்டுப் போகும். வேவ் ஃபைலா எடுங்க, எம்பி3யா எடுக்காதீங்க, 24 பிட் இருந்தா நல்லது. முக்கியமா இரைச்சல் நீக்குறேன்னு சாஃப்ட்வேர்ல போட்டு வழிக்காதீங்க. தம்புரா சத்தமும் அந்த இரைச்சலோடயே போயிடும்.

வலிகாமத்தான்:
கடைசி வரியை இவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டுப் போறியள். நான் அதைத்தான் செய்தனான்.

எங்கட வீட்டில ரேடியோ வேற, ரெக்கோர்டர் வேற. இலங்கை வானொலி நாடகம் தொடங்கினா அம்மா ரெக்கோர்டரை ரேடியோவுக்கு முன்னால வச்சு எங்களை எல்லாம் வாயை மூடச் சொல்லுவா. 95 ஒக்டோபர் கடைசியில சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டு சாவகச்சேரிப் பக்கம் நடக்கேக்க அம்மாவின்ர கைப்பையில அந்தக் கசெற் ஒண்டு வந்திட்டுது. வேணுமெண்டு எடுத்தது இல்லை, பையின்ர அடியில கிடந்தது. பிறகு கனடா வந்து, அம்மாவும் காலமாகி, நான் அதைக் கொம்பியூட்டரில ஏத்தினன். ஒரே இரைச்சல். நாடகம் தெளிவாக் கேக்கட்டும் எண்டு இரைச்சல் நீக்கிற சொஃப்ட்வெயரில போட்டு, கனக்கப் போட்டு, அதுக்கு மேலேயே சேவ் பண்ணிப்போட்டன்.

அக்காவுக்கு அனுப்பினன். அவ உடன கோல் எடுத்து, "அம்மா எங்கையடா?" எண்டு கேட்டா. எனக்கு விளங்கேல்லை. நாடகத்துக்கு நடுவில, தூரத்தில அடுப்படிப் பக்கமா, "தம்பி, கதவைச் சாத்து, நாய் வருது" எண்டு அம்மா சொல்லுறது இருந்ததாம். நான் அதைக் கவனிக்கவே இல்லை. சொஃப்ட்வெயர் அதையும் இரைச்சல் எண்டு எடுத்துப்போட்டுது. திரும்ப ஏத்துவம் எண்டு கசெற்றைப் போட, மெஷினுக்குள்ள சுத்துப்பட்டு நசிஞ்சு போச்சு. இப்ப நாடகம் நல்ல தெளிவாக் கேக்குது. அதை நான் போட்டுக் கேக்கிறதில்லை.

ஸ்பூல் சேகரிப்பு:
நசிஞ்ச டேப்பை எறிஞ்சுடாதீங்க ஐயா. சுருங்குன டேப்பை விரலால நீவி, அறுந்த எடத்தை அதுக்குன்னு இருக்கற டேப் வச்சு பின்பக்கமா ஒட்டி, புதுக் கூட்டுல போட்டா ஓடும். அந்த எடத்துல சத்தம் குலுங்கும், ஆனா ஆளு குரல் தெரியும். செல்லோ டேப் மட்டும் வேண்டாம், பசை கசியும்.

வலிகாமத்தான்:
நான் அறிவுரை கேட்டு எழுதேல்லை. ஆனா கசெற் என்னட்டைத்தான் கிடக்கு. இந்தச் சனி ஞாயிறு எடுத்துப் பாக்கிறன்.

சலங்கை:
காவிரிக்கரை, உங்க நட்டுவனார் விஷயத்துக்கு வர்றேன். ரேடியோவுல நாட்டியப் பேட்டிக்கு என்ன அர்த்தம்னு என்கூடப் படிச்சவங்களே கேப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவை எடுத்துக்கோங்க, பாட்டி வீணை தனம்மாள், அம்மா ஜயம்மாள் பக்கத்துல உக்காந்து பாடுவாங்க, இவங்களும் பாடிக்கிட்டே அபிநயம் பிடிப்பாங்க, ஒரு தம்பி மிருதங்கம், இன்னொரு தம்பி புல்லாங்குழல். அந்த வீட்டுல பாட்டு எங்க முடிஞ்சு நாட்டியம் எங்க ஆரம்பிக்குதுன்னு யாரால கோடு போட முடியும்? எங்க டீச்சர் ஒரு நாள் கிளாஸ்ல லைட்டை அணைச்சுட்டு பாலாம்மா பாடுன பதம்ங்கற அபிநயப் பாட்டு ஒண்ணைப் போட்டாங்க. ஒரு சொல்லைப் பாடிட்டு அப்படியே நீட்டிக் கார்வை விடறாங்க, இருட்டுல உக்காந்திருந்த எனக்கு கழுத்து தானா திரும்புச்சு. பக்கத்துல இருந்தவளுக்கும் திரும்புச்சுன்னு அப்புறம் சொன்னா.

அதனால அந்த 3 செகண்டை நீங்க வெறும் சத்தமில்லாத எடம்னு நினைக்காதீங்க. அவர் எதிர்ல ஒரு பொண்ணை நிறுத்தி வச்சுப் பாத்திருக்காரு. எதுக்குத் திரும்பறாங்கறதை பாட்டோட வரிகள், அந்த சாகித்யம்தான் சொல்லும், ஜதிக்கு முன்னாடியோ பின்னாடியோ அவர் ஒரு வரி முணுமுணுத்திருக்காரான்னு கேட்டுப் பாருங்க. ஜதியும் பாட்டு வரியும் மாறி மாறி வர்ற வர்ணமா இருந்தா அந்த ஒரு வரியிலயே பிடிச்சிடலாம்.

காவிரிக்கரை:
சலங்கை, நேத்து ராத்திரி கேட்டேன். ஏழு வருஷமா கேட்டும் காதுல விழாதது. ஜதி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டுறாருன்னு சொன்னேன்ல, அந்த ரெண்டு தட்டுக்கும் நடுவுல ரொம்ப சன்னமா "சாமி"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. பாட்டு வார்த்தையா, இல்ல கும்பிட்டுக்கிட்டாரான்னு தெரியல. மத்த கேசட் எதையும் இனிமே தொடப்போறதில்ல, பஞ்சு, ஹெட்டு எல்லாம் சரி பண்ணிட்டுத்தான்.

ஒரு விஷயம் கேட்டுக்கறேன். அதே நேரம் வேற யாராவது வீட்டுலயும் இதைப் பிடிச்சிருக்கலாம். அடையாளம் சொல்றேன். கேக்கறவங்க பெண் குரல், "அய்யா" இல்ல, "ங்கய்யா"ன்னு முடிப்பாங்க. தட்டுக்கழி சத்தம் கணீர்னு இருக்காது, மழையில நனைஞ்ச கட்டை மாதிரி மொத்தையா இருக்கும். ஜதி நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்டுடியோவுல யாரோ நாற்காலியை நகத்துற சத்தம் ஒரு தடவை வரும். உங்க கேசட்டுல அதுக்கப்புறமும் ஓடுதான்னு மட்டும் பாருங்க.