டிஸ்டோனியாவுக்கு தசைமுறுக்கம், ஸ்பாஸ்டிசிட்டிக்கு விறைப்பு

எல்லாருக்கும் வணக்கம். பெற்றோருக்குக் குடுக்குற நம்ம நோட்டீஸைப் புதுசா அச்சடிக்கிறோமே, அதுல வர்ற மருத்துவப் பேருங்களுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்னு குழுவுல ஆளுக்கொண்ணு சொல்லியிருந்தீங்க. பதில் போட லேட்டாயிடுச்சு, ரெண்டு நாளா கடலூர்ல மழை, கரண்ட் போய்ப் போய் வருது.

முதல்ல மூவ்மென்ட் டிஸார்டர், அதாவது கை கால் நாம நினைச்ச மாதிரி அசையாம போற கோளாறு. "இயக்கக் கோளாறு"ன்னு பாதிப் பேர் சொல்லியிருக்கீங்க. இயக்கம்னா நம்ம ஊர்ல கட்சி, இல்லன்னா சினிமா டைரக்‌ஷன், நோட்டீஸ்ல போட்டா உள்கட்சி சண்டைன்னு நினைச்சுக்குவாங்க. அசைவுக் கோளாறுன்னே வெச்சுக்கலாம், இதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்ல.

பேச வேண்டியது டிஸ்டோனியாதான். நான் பிசியோதெரபி பாக்குறவன், பதினஞ்சு வருஷமா இந்தக் கோளாறு இருக்குற பிள்ளைங்களோட இருக்கேன். எங்க கையில இருக்குற பழைய நோட்டீஸ்ல டிஸ்டோனியாவுக்கும் "தசை இறுக்கம்", ஸ்பாஸ்டிசிட்டிக்கும் "தசை இறுக்கம்". மொழிபெயர்த்தவர் யாரோ, ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டாரு. இது வெறும் சொல் சண்டை இல்லீங்க. ஸ்பாஸ்டிசிட்டின்னா காலை மெதுவா நீட்டினா வரும், வெடுக்குன்னு நீட்டினா நடுவுல தட்டி நிக்கும், வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். டிஸ்டோனியா அப்படி இல்ல, பிள்ளை சும்மா படுத்திருக்கும்போது தளர்வா இருக்கும், பிஸ்கெட்டை எடுக்கணும்னு கையை நீட்டும் பாருங்க, உடனே கழுத்து ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் திருகிக்கும், தூங்கிட்டா விட்டுடும். ஒரே பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்து இருக்குறதும் உண்டு, அதனாலதான் இன்னும் குழப்பம்.

ஆபரேஷனும் வேற வேற. ஸ்பாஸ்டிசிட்டிக்கு கீழ்முதுகுல தண்டுவடத்துக்குப் போற உணர்வு நரம்பு வேர்களை ஒண்ணொண்ணா பிரிச்சு, கரண்ட் குடுத்துப் பாத்து, அதிகமா துள்ளுற வேர்களை மட்டும் வெட்டுவாங்க. டிஸ்டோனியா அதுக்கு அடங்காது. அதுக்கு மூளைக்குள்ள குளோபஸ் பாலிடஸ்னு ஒரு இடம், ரெண்டு பக்கமும் மெல்லிசா கம்பி இறக்கி, நெஞ்சுலயோ வயித்துலயோ தோலுக்கு அடியில பேட்டரி வைக்கிறது. மரபணுவால வர்ற சில வகைக்கு நல்லாவே கேக்கும், பிரசவ நேரத்துல மூளை அடிபட்டு வந்ததுக்கு அந்த அளவு கேக்காது. இப்போ சொல்லுங்க, ரெண்டுக்கும் "இறுக்கம்"னு எழுதிட்டா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதுகுல பண்ணினாங்களே என் பிள்ளைக்கு ஏன் பண்ணலன்னு அந்தம்மா கேக்குறதுல என்ன தப்பு?

"தொனிக்கோளாறு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. ஜெர்மன் டாக்டர் ஓப்பன்ஹைம் 1911-ல இந்தப் பேரை வெச்சப்போ தசையோட டோன், அதாவது தசையில எப்பவும் இருக்குற இழுவிசை, சில நேரம் தளர்ந்தும் சில நேரம் இறுகியும் இருக்குதேன்னுதான் வெச்சாரு, அது சரி. ஆனா தமிழ்ல தொனின்னா குரல், தொண்டை டாக்டர்கிட்ட போய் நிப்பாங்க.

நம்ம குழுவுல இருக்குற யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஐயா "முறுக்குவாதம்"னு சொன்னது எனக்குப் பிடிச்சது, அந்தக் காலத்துல கிறீன்ங்கிற அமெரிக்க டாக்டர் தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் குடுத்த ஊர்க்காரர், சும்மா சொல்லிட மாட்டாரு. ஆனா ஐயா, இங்க வாதம்னா பக்கவாதம், இளம்பிள்ளை வாதம், அதாவது கை கால் விளங்காம கிடக்குறது. இங்க விஷயமே தலைகீழ், கை கால் சொல்பேச்சு கேக்காம தானா ஆடுது. வாதம்னு சொன்ன மறுநாளே எண்ணெய்ப் பாட்டிலோட வந்து நிப்பாங்க.

நான் தசைமுறுக்கம்னு சொல்றது என் மூளையில உதிச்சது இல்ல. தேவனாம்பட்டினத்துலேர்ந்து ஒரு அம்மா வருவாங்க, பையனுக்கு ஏழு வயசு. என்ன பண்ணுதும்மான்னு கேட்டேன். பதில் சொல்லாம மடியில இருந்த துண்டை ரெண்டு கையாலயும் எடுத்து, தண்ணி பிழியற மாதிரி திருகி, அப்படியே என் கண்ணு முன்னாடி பிடிச்சாங்க. "இப்படி முறுக்கிக்குது சார், நான் பிடிச்சா விட மாட்டேங்குது, அவன் தூங்கினா அதுவே விட்டுடுது." பாடப் புத்தகத்துல ரெண்டு பக்கம் எழுதினதை அந்தம்மா ஒரு துண்டுல முடிச்சுட்டாங்க.

முறுக்கம்னா திங்குற முறுக்கு ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் கிண்டல் பண்ணியிருந்தீங்க, வரட்டுமே, அதுக்கும் பேரு வந்தது திருகிச் சுத்துறதாலதானே. குடல்முறுக்கம்னு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதனால தசை முன்னாடி வந்தே ஆகணும், அவ்வளவுதான். ஸ்பாஸ்டிசிட்டிக்கு விறைப்பு. இறுக்கத்தை ரெண்டுலேர்ந்தும் தூக்கிடலாம்.

அடுத்து இந்த ஆபரேஷன் பண்ற டாக்டரை எப்படிச் சொல்றதுங்கிறது. "குழந்தைகள் நரம்பியல் அறுவை நிபுணர்"ன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டீங்க, நான் ஒத்துக்கல. நம்ம ஜனத்துக்கு நரம்புன்னா ரத்தக் குழாயும் நரம்புதான், நரம்பு ஊசின்னு சொல்றோமே. போதாததுக்கு பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ஒட்டியிருக்குற நரம்புத் தளர்ச்சி போஸ்டர் வேற. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தா, கன்னியகோயில் தாண்டி பஸ்ல போற வழியெல்லாம் அந்தப் பாட்டி "நரம்பை அறுத்துடுவாங்களாடி"ன்னு மருமககிட்ட கேட்டுக்கிட்டே போவுது. (விறைப்புக்குன்னா நெசமாவே அறுக்குறாங்க, அதை அப்புறம் டாக்டரே சொல்லிக்கட்டும்.) சிறார் மூளை-தண்டுவட அறுவை மருத்துவர், இது என் கட்சி. நீளம்தான், ஆனா உடம்புல எந்த இடம்னு தெரியுது.

கடைசியா ஒரு சிக்கல், எனக்கே தீரல. அந்த மூளைக் கம்பி வைத்தியத்துக்கு "ஆழ்மூளைத் தூண்டல்"னு எல்லாரும் எழுதறோம். 1987-ல பிரான்ஸ்ல கிரெனோபிள் ஊர்ல பெனாபித்ங்கிற டாக்டர், பெரியவங்களுக்கு வர்ற நடுக்கத்துக்கு ஆரம்பிச்சது, பிரெஞ்சுக்காரர், புதுச்சேரிக்காரங்க வேணும்னா பெருமைப்பட்டுக்குங்க. அதே தேவனாம்பட்டினத்து அம்மாகிட்ட இந்தச் சொல்லைப் படிச்சுக் காட்டினேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். அந்தம்மா முகம் வெளுத்துப்போய், "மூளைக்குள்ள தூண்டில் போடுவாங்களா சார்?"னு கேட்டாங்க.

அச்சுக்குப் போக வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. தூண்டல்ங்கிற சொல்லே இல்லாம யாராவது ஒண்ணு யோசிச்சுச் சொல்லுங்க.