பழைய கணக்கெடுப்புத் தாள்களைத் திறக்கக் கோரும் மனு: உதவி வேண்டும்

நண்பர்களே, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய தாள்களை, குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குத் திறந்துவிடக் கேட்டு ஒரு மனு எழுதுகிறேன். அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழித்துத் திறக்கிறார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. கனடாவில் 92 ஆண்டுகள், இங்கிலாந்தில் 100. பூட்டி வைத்தால் மட்டும் பத்திரமா? இங்கிலாந்து, வேல்ஸின் 1931 தாள்கள் 1942இல் தீக்கிரையாகிவிட்டன. படியெடுத்து வைக்கவும் மனுவில் கேட்கிறேன்.

நான் திணறுவது ஓர் இடத்தில்தான். “ரகசியம் காப்போம் என்று சொல்லித்தானே விவரம் வாங்கினோம்” என்பார்கள். நியாயமான கேள்வி. சட்டம் தெரிந்தவர்கள் இதற்கு எப்படிப் பதில் எழுதலாம் என்று சொல்லுங்கள். அப்புறம், சொத்துப் பத்திரத்தில் இல்லாத பாட்டியின் பெயரைக் கணக்கெடுப்புத் தாளில் கண்டெடுத்தவர்கள் யாராவது இருந்தால், அந்த அனுபவத்தை இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மனுவோடு இணைக்கிறேன்.