சட்டைப் பாக்கெட்ல வெக்கற மாதிரி டார்ச், 500 ரூபாய்க்குள்ள எது நல்லது?

மோட்டார் சர்வீஸ், அயோத்தியாப்பட்டணம்:
வணக்கம்ங்க. வாரத்துல ரெண்டு நாளு ஏற்காடு எஸ்டேட்டுங்களுக்கு பம்ப்செட் வேலைக்குப் போவேன், முடிச்சு இறங்கறதுக்குள்ள இருட்டிரும். இதுவரைக்கும் செல்போன் லைட்டுதான், ஆனா ஒரு கையில போனு ஒரு கையில ஸ்க்ரூட்ரைவர்னு ஸ்டார்ட்டர் பாக்ஸ் முன்னாடி நின்னா வேலையே ஓடாதுங்க, போன வாரம் போனு நழுவி தொட்டித் தண்ணில விழுந்துருச்சு. ஆன்லைன்ல 300 ரூபா லைட்டுக்கே வெளிச்ச அளவு ஒரு லட்சம் லூமென்னு போட்டிருக்கான், எத நம்பறது? பென்சில் பேட்டரி போடறது வாங்கலாமா, சார்ஜ் போடறதா? மழைக்கும் தாங்கணும்.

காப்பிக்காடு, ஏற்காடு:
தம்பி, மேல வர்றவருக்கு மொதல்ல பனிமூட்டத்த சொல்லணும். மூட்டம் இறங்குனப்புறம் ஃபுல் பவர்ல அடிச்சா அத்தனையும் வெள்ளச் செவுரு மாதிரி நம்ம கண்ணுலயே திருப்பி அடிக்கும், நாலடிக்கு அந்தப்பக்கம் ஒண்ணும் தெரியாது. லைட்ட இடுப்புக்குக் கீழ பிடிச்சு, லோல வெச்சு, தரையப் பாத்து அடிங்க, தடம் தெரியும். அதனால லோ மோடு இருக்கறதா பாத்து வாங்குங்க. ஆனா காட்டுமாடு நிக்குற எடம்னா ஒரு தடவ ஹைல தூரமா சுத்தி அடிச்சுப் பாத்துட்டுதான் கால வெக்கணும், மிளகுக் கொடி நெழல்ல நிக்கறது கண்ணு மினுக்குனாதான் தெரியும். முன்னாடி இழுத்து ஜூம் பண்ற லைட்டு வேண்டாம், இழுக்கற எடத்துலயே தண்ணி எறங்கிரும், என்னோடது ரெண்டு மழைக்குத்தான் வந்துச்சு. தண்ணி தாங்கற அளவு ஐபிஎக்ஸ் 4னு போட்டிருந்தா சாரல் தாங்கும், 7னா ஒரு மீட்டர் தண்ணில அரைமணி நேரம் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது.

பேட்டரி கட்டை, செவ்வாப்பேட்டை:
அந்த ஒரு லட்சம் சுத்தப் பொய்ங்க. உள்ள போடற 18650ங்கற சார்ஜ் பேட்டரி கட்டைன்னா 18 மில்லிமீட்டர் தடிமன் 65 நீளம், நல்லதா இருந்தாலே 3500 மில்லி ஆம்பியர் அவர் கிட்டதான் வரும், 3.7 வோல்ட்டால பெருக்குனா 13 வாட் அவர். எல்ஈடி ஒரு வாட்டுக்கு 100லேருந்து 150 லூமென் குடுக்கும்னு வெச்சாலும் ஒரு மணி நேரம் எரியணும்னா 2000 தாண்ட வழியே இல்ல. கட்டை மேல 9900னு அச்சடிச்சிருந்தா அந்த கடைப்பக்கமே போகாதீங்க. உங்க பாக்ஸ் வேலைக்கு 50 லூமென் போதும், நடக்க 100.

பென்சில் பேட்டரி எந்த பெட்டிக்கடையிலயும் கெடைக்கும், அது பெரிய வசதி. ஆனா எடுக்காம மாசக்கணக்குல போட்டு வெச்சா லீக் ஆயி ஸ்ப்ரிங் மேல வெள்ளையா பூத்து அரிச்சிரும். சார்ஜ் பண்ற 1.2 வோல்ட் பென்சில் கட்டை ரெண்டு வாங்குனா அந்த பயம் கொறைவு.

வயர்மேன், அஞ்சு ரோடு:
அண்ணா, மோட்டார் வேலைன்னு சொன்னதால இத கட்டாயம் பாருங்க. மலிவு லைட்டு சிலது லோ மோடுல உண்மையில மின்னிக்கிட்டே இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்துல ஓடற ஷாஃப்ட் சில சமயம் நின்ன மாதிரியோ மெதுவா சுத்தற மாதிரியோ தெரியும், கைய வெச்சா போச்சு. கடையிலயே லோல போட்டு ஓடற ஃபேன் மேல அடிங்க, இறக்கை துண்டு துண்டா தெரிஞ்சா அத திருப்பிக் குடுத்துருங்க. அப்புறம் ரொம்ப நீலமா அடிக்கற வெளிச்சத்துல செவப்பும் பிரவுனும் ஒண்ணு போலவே இருக்கும், பழைய வயர்ல இன்னும் மோசம், கொஞ்சம் மஞ்சளா அடிக்கறத எடுங்க. அடியில காந்தம் இருக்கறதா கெடைச்சா விடாதீங்க, இரும்பு பாக்ஸ்ல ஒட்டிட்டு ரெண்டு கையாலயும் வேலை பாக்கலாம்.

மோட்டார் சர்வீஸ், அயோத்தியாப்பட்டணம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், ஃபேன் விஷயம் எனக்கு சத்தியமா தெரியாது. காந்தம் வெச்சது பாத்தேன், சி டைப் சார்ஜிங், 450 சொல்றாங்க. என் போன் சார்ஜர்ல போட்டா சார்ஜே ஏறல, பீஸ் ஃபால்ட்டா?

பேட்டரி கட்டை, செவ்வாப்பேட்டை:
ரெண்டு பக்கமும் சி இருக்கற கேபிள் போட்டிருப்பீங்க. மலிவு லைட்டுல அதுக்கு வேணும்கற சின்ன ரெசிஸ்டர் வெக்கறதில்ல, சார்ஜர் கரண்டே விடாது. ஒரு பக்கம் பழைய பட்டை பின் இருக்கற கேபிள்ல போட்டுப் பாருங்க, ஏறுச்சுன்னா எடுத்துக்கலாம்.